நூறுக்கு அறுபது

ஜெகதேவியில் கல் அறுக்கும் கம்பெனி.
பெட்டிகளுக்கு நம்பர் எழுதுகிறவள் நான்.
நூறுக்கு அறுபது, கனம் எட்டு சென்டிமீட்டர்.
கறுப்பு. முகம் பார்க்கலாம்.
பெயரை அவர்களே வெட்டிக்கொள்வார்கள்
கப்பல் இறங்கிய பிறகு.

முன்பெல்லாம் வருஷத்துக்கு இரண்டு கண்டெய்னர்.
போன மாசம் ஆறு.
இந்த மாசம் ஒன்பதுக்கு அட்வான்ஸ் வந்ததும்
ஓனர் எல்லோருக்கும் பிரியாணி வாங்கித் தந்தார்.
பாதிப் பொட்டலத்தில் கையை நிறுத்தி
சம்பங்கி கேட்டான்:
"அத்தனை பேரா சாவறாங்க அங்க?"

பெரிய நாடு எல்லை தாண்டி வந்துவிட்டதாம்.
சின்ன நாடு வழிவிட மாட்டேன் என்கிறதாம்.
மற்ற நாடுகள் கூட்டம் போடுகின்றன:
கம்பளி அனுப்பலாமா, மாத்திரை அனுப்பலாமா,
பீரங்கி அனுப்பினால்
பெரியவன் கோபித்துக்கொள்வானா.

பாலிஷ் மெஷின் திம்மராயன் சொன்னார்:
"துப்பாக்கி குடுத்தா சண்டை நீளும்.
சண்டை நீண்டா இந்த ஆர்டரும் நீளும்.
சீக்கிரம் தோத்துட்டா
பிள்ளைங்களாவது மிஞ்சும்."
அவர் மகன் பட்டாளத்தில் இருக்கிறான்,
பனி விழும் ஏதோ ஓர் எல்லையில்.
யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

நானும்தான்.
எனக்குக் கெம்பம்மா ஞாபகம் வந்துவிட்டாள்.

முக்கால் ஏக்கர். கேழ்வரகு, வரப்போரம் அவரை.
அடியில் நல்ல கல் கிடக்கிறதென்று
எவனோ துளைபோட்டுப் பார்த்துச் சொன்ன வருஷம்,
ராத்திரி ஒன்றரை மணிக்கு ஜேசிபி வந்தது.
பின்னால் இரண்டு சுமோவில் ஆட்கள்.
கெம்பம்மா கத்தியது எங்கள் தெருவரை கேட்டது.
சும்மா கத்தவில்லை.
பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், ஒவ்வொருவராக.
என் பெயர் நாலாவது.

விளக்கை அணைத்தோம்.
"பங்காளித் தகராறு, நமக்கெதுக்கு"
என்றார் வீட்டுக்காரர், என் காதுக்குள்,
ஜேசிபிக்குக் கேட்டுவிடும்போல.

காலையில் போனோம்.
குறை சொல்ல முடியாது, தெருவே போனது.
அரிசி, புடவை, இரண்டு போர்வை,
கைக்கு மாவுக்கட்டுப் போட நானூறு ரூபாய்.
எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.
"ராத்திரி நல்ல தூக்கமா?"
அவ்வளவுதான் கேட்டாள்.

அந்த முக்கால் ஏக்கர் இன்று அறுபதடிப் பள்ளம்.
எங்கள் கம்பெனிக்குப் பாறை
அங்கிருந்துதான் வருகிறது.

பர்கூர் போகும் வழியில், புளியமரத்தடியில்,
ஒரு நடுகல் சாய்ந்து நிற்கும்.
கையில் வில், மார்பில் அம்பு.
படியெடுக்க வந்தவர்கள் படித்துச் சொன்னார்கள்:
பக்கத்து ஊர் மாடுகளை மீட்டபோது
செத்தவனாம்.
பக்கத்து ஊர்.
அவன் மாடு ஒன்றுகூட அதில் இல்லை.
அன்று அவன் பெண்டாட்டி என்ன சொன்னாளோ,
அதை யாரும் கல்லில் வெட்டவில்லை.

திம்மராயன் சொன்னதில் பொய் இல்லை.
துப்பாக்கி போனால் கல் கூடும்.
எனக்கு அதற்குப் பதில் தெரியாது.
ஆனால் யாரும் போகாத தெருவில்
நான் படுத்திருக்கிறேன்.
அங்கேயும் மறுநாள் கல் வெட்டத்தான் செய்தார்கள்.
கெம்பம்மா தோற்ற மூன்றாம் வாரம்
அதே ஜேசிபி முனிரத்தினம் தோப்புக்குப் போனது.
அவர் யாரையும் கூப்பிடவில்லை.
யார் வருவார்கள் என்று
அவருக்குத் தெரிந்திருந்தது.

கூட நிற்பவன் சாகலாம். நடுகல்லே சாட்சி.
நிற்காதவனும் ஏதோ ஒரு ராத்திரி
தன் பெயர் எத்தனாவது என்று
எண்ணிக்கொண்டே படுத்திருப்பான்.

நேற்று புது ஆர்டர் ஒன்று வந்தது,
பெரிய நாட்டிலிருந்து.
அதே கறுப்பு, அதே நூறுக்கு அறுபது.
"கல்லுக்கு ஏதும்மா கட்சி" என்றார் ஓனர்.
திம்மராயன் மெஷினை நிறுத்திவிட்டு
ஈரம் காயாத பலகையில்
தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.
மகனிடமிருந்து போன் வந்து பத்து நாளாம்.

ஒன்று, இரண்டு, மூன்று எழுதினேன்.
நாலாவது பெட்டியில் மார்க்கர் காய்ந்துவிட்டது.
உதறிப் பார்த்தேன்.
வெளியே லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறார்,
பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல.